மீன் நாளெல்லாம் என்ன செய்யும்

பாக்கியம் பிறந்து வளர்ந்தது கியூர்பிப்பில். மொரிஷியஸ் தீவின் நட்ட நடு மேட்டில், பெய்ய ஆரம்பித்த மழை நிற்க மறந்துபோகிற ஊர் அது. எந்தப் பக்கம் பஸ் ஏறினாலும் கொஞ்ச நேரத்தில் கடல் வந்துவிடும். ஆனாலும் அந்த வீட்டில் யாரும் கடலைத் தேடிப் போனது கிடையாது. அப்பா தையல்காரர், கல்லூரிப் பையன்களுக்குச் சீருடை தைப்பவர். கரும்புத் தோட்டத்து வேலைக்கென்று பாட்டனார் கப்பலேறி வந்த கதையைச் சொல்லிவிட்டு, "நம்ம குடும்பத்துக்கு அந்த ஒரு தடவை கடலைப் பார்த்ததே போதும்" என்பார். வீட்டில் பேச்செல்லாம் தீவின் பொதுமொழியான கிரியோல். தமிழ் காதில் விழுவது கோயிலில்; அதை விட்டால் அம்மாவுக்குக் கோபம் வரும்போது.

அப்படிப்பட்ட பாக்கியத்துக்கு ஆசிரியர் பயிற்சி முடிந்ததும் 1957-இல் வேலை போட்டார்கள், மாயெபூருக்கு வடக்கே கடலோரத்தில் ஒரு மீனவர் கிராமத்துப் பள்ளிக்கூடத்தில். மாயெபூரில் சித்தி பொன்னம்மா வீடு இருந்தது. அங்கே தங்கி, காலையில் பஸ்ஸில் போய் மாலையில் திரும்புவது என்று ஏற்பாடு.

முதல் நாள் அவள் கறுப்புக் குடையும் கம்பளிச் சட்டையுமாகப் போய் இறங்கினாள். ஜனவரி வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. பள்ளிக்கூட வாசலில் நின்ற பிள்ளைகள் அவளைப் பார்த்தன, வானத்தைப் பார்த்தன, மறுபடி அவளைப் பார்த்தன. அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. பாக்கியத்தின் சிரிப்பு சின்னச் சிரிப்பு இல்லை. உடம்பு முழுக்கக் குலுங்கும். பிள்ளைகளும் சேர்ந்து சிரித்தன. அன்றோடு பழக்கமாகிவிட்டது.

அவளுக்குக் கொடுத்தது ஆகச் சின்ன வகுப்பு. ஐந்து வயசும் ஆறு வயசும். ஏறக்குறைய எல்லாம் மீன்காரர் வீட்டுப் பிள்ளைகள். ஒரு நாள் பாடப் புத்தகத்தில் மீன் படம் வந்தது. கரும்பலகையில் அவளும் ஒரு மீன் வரைந்து, மீன் தண்ணீரில் வாழ்கிறது என்று இங்கிலீஷில் எழுதி, எல்லாரையும் உரக்கச் சொல்ல வைத்தாள். சொல்லி முடித்ததும் முன்வரிசையில் இருந்த ஜிசெல் கை தூக்கினாள். மெலிந்த பெண், தலை நிறையச் சுருட்டை.

"மிஸ், வாழுதுன்னா? அங்க நாளெல்லாம் என்ன பண்ணும்?"

பின்வரிசையிலிருந்து தெனி பதில் சொன்னான். அவனுக்குத் தெரியாத விஷயம் உலகத்தில் கிடையாது.

"ஒண்ணும் பண்ணாது. நம்ம அப்பா வந்து பிடிக்கிற வரைக்கும் காத்துக்கிட்டு இருக்கும்."

மற்ற பிள்ளைகள் ஆமாம் என்று தலையாட்டின. அவர்கள் கண்ட மீனெல்லாம் படகின் அடித்தட்டில் வாயைப் பிளந்து துடித்த மீன், நாரில் கோத்துத் தொங்கிய மீன், சட்டியில் கொதித்த மீன். தண்ணீருக்குள் நடமாடுகிற மீனை அந்தக் கடலோரத்துப் பிள்ளைகளில் ஒன்றுகூட நின்று பார்த்ததில்லை. அப்படியில்லை என்று சொல்ல பாக்கியம் வாயைத் திறந்தாள். திறந்த வாய் திறந்தபடி நின்றது. அவளுக்கும் தெரியாது.

"எனக்குத் தெரியலையே. கேட்டுட்டு வந்து சொல்றேன்," என்றாள்.

டீச்சருக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது என்ற செய்தி சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்கப் பரவிவிட்டது.

கேட்கப் போனது ஜிசெலின் அப்பா ஃப்ரான்சிஸிடம். அவர் வாசலில் உட்கார்ந்து மூங்கிலில் மீன்கூடு முடைந்துகொண்டிருந்தார். எந்த நிலவுக்கு எந்த மீன், எந்த வாய்க்காலில் நீரோட்டம் எப்படி, எந்த மீனுக்கு எந்த இரை எல்லாம் அவருக்கு விரல் நுனியில். ஆனால் நாளெல்லாம் அது என்ன செய்கிறது என்று கேட்டதும் மூங்கிலைக் கீழே வைத்துவிட்டு யோசித்தார். தனக்கும் மீனுக்கும் அதன் சாப்பாட்டு நேரத்தில் மட்டும்தான் பழக்கம், மற்ற வேளையில் அது எங்கே போகிறது, யாரோடு சண்டை பிடிக்கிறது என்று விசாரித்ததில்லை என்றார்.

உள்ளேயிருந்து அவர் மனைவி ரோஸ்-மே சிரித்துக்கொண்டே வந்தாள். நெடுநெடுவென்ற பெண், வெயிலில் காய்ந்த தோள்கள். ஊரில் ஊரித் என்று சொல்கிற எட்டுக்கால் பேய்க்கணவாயைக் குத்திப் பிடித்து விற்பவள். கடல் வற்றும் நேரத்தில் இடுப்பளவு தண்ணீரில் நடந்துபோய், அடியில் கண்ணாடி பதித்த மரப்பெட்டியைத் தண்ணீர்மேல் வைத்து அதன் வழியே உள்ளே பார்த்து, கம்பியால் குத்த வேண்டும். "அவரு மேலேயிருந்து கயிறு விடறவரு. கீழே பார்க்கிறவ நான்தான். ஞாயித்துக்கிழமை வாங்க, காட்டறேன்," என்றாள்.

பாக்கியம் சரி என்று சொல்லிவிட்டாள். பஸ்ஸில் திரும்பும்போதுதான் சொன்னது என்னவென்று உறைத்தது. அவளுக்குத் தண்ணீர் என்றாலே பயம். குளிக்கும் தொட்டியைத் தாண்டி அவள் கால் எங்கும் நனைந்தது கிடையாது. ஞாயிற்றுக்கிழமை காலையில் அவள் கிளம்பியபோது சித்தி, கோயிலுக்கா என்று கேட்டாள். கடலுக்கு என்றதும் அக்கரைச் சீமைக்குப் போகிறவளை அனுப்புவதுபோல நெற்றி நிறைய விபூதி பூசிவிட்டாள்.

அந்தக் கரையில் கடல் இரண்டு கடல். வெளியே தூரத்தில் பவளப்பாறை வரம்பு. அதன்மேல் அலை மோதி வெள்ளையாய் நுரைத்துக்கொண்டே இருக்கும். வரம்புக்கு உள்ளே அடங்கிக் கிடக்கிற ஆழமில்லாத தண்ணீர், லகூன். ரோஸ்-மே அவளுக்குப் பழைய கான்வாஸ் செருப்பு மாட்டிவிட்டாள். கல்லைப்போலக் கிடந்து காலில் முள்ளேற்றுகிற மீன் உண்டாம். கவுன் ஓரத்தை முடிச்சுப் போட்டுக்கொண்டு பாக்கியம் இறங்கினாள். முழங்காலளவு தண்ணீரிலேயே ரோஸ்-மேயின் கையை இறுகப் பற்றினாள். நகம் பதிந்த தடம் மறுநாளும் இருந்ததாக ரோஸ்-மே பிற்பாடு ஊரெல்லாம் சொன்னாள்.

"இங்க குனிங்க. மூஞ்சியைப் பெட்டிக்குள்ள வைங்க. மூச்சு விடலாம், தண்ணி வராது."

பாக்கியம் குனிந்தாள்.

மேலேயிருந்து பார்த்தால் வெறும் பளபளப்பு. கண்ணாடி வழியே பார்த்தால் சந்தை நாள். மஞ்சள் பவளக் கொத்து ஒன்றின் நடுவே உள்ளங்கை அகல மீன் ஒன்று அங்கும் இங்கும் பறந்துகொண்டிருந்தது. அதன் இடத்தில் கொஞ்சம் பாசி வளர்ந்திருந்தது. பக்கத்தில் யார் வந்தாலும் பாய்ந்து விரட்டியது. தன்னைவிட நாலு மடங்கு பெரிய மீனையும் விரட்டியது. கடைசியில் பெட்டியைப் பார்த்துவிட்டு, கண்ணாடியில் டொக்கென்று முட்டியது. பாக்கியம் தலையை இழுத்துக்கொண்டாள். அது வரப்புச் சண்டைக்காரன், அவனுடைய தோட்டம் அது, என்னையும் கடித்திருக்கிறான் என்றாள் ரோஸ்-மே.

மணல் தரையில் மீசை வைத்த நவரை மீன்கள் வரிசையாய் மணலைக் கிளறிக்கொண்டு போயின. பின்னாலேயே வேறு சில மீன்கள், கிளறியதில் கிடைப்பதைப் பொறுக்கித் தின்ன. ஒரு பாறைக்கடியில் பெரிய மீன் ஒன்று வாயை ஆவென்று திறந்து அசையாமல் நின்றது. விரல் நீளத்தில் நீலக் கோடு போட்ட குட்டி மீன் ஒன்று அந்த வாய்க்குள் போய், பல்லிடுக்கில் எதையோ கொத்திவிட்டு, செவுள் வழியாக வெளியே வந்தது. பெரியது அதைத் தின்றுவிடும் என்று பாக்கியம் நினைத்திருந்தாள். பெரிய மீன் மறுபக்கத்தைத் திருப்பிக் காட்டியது, சவரக் கடையில் தாடையைக் காட்டுவதுபோல.

அப்புறம் ஒரு சத்தம். க்ரக், க்ரக் என்று யாரோ கற்கண்டு கடிக்கிற சத்தம். பச்சையும் நீலமுமாய், கிளி மூக்குமாய் ஒரு கூட்டம் வந்தது. காத்தோ என்றாள் ரோஸ்-மே. கிரியோலில் காத்தோ என்றால் கிளி. மூக்கைப் பார்த்து வைத்த பெயர். அவை பாறையைக் கடித்தன. உண்மையாகவே பாறையைத்தான். கடித்து, அரைத்து, விழுங்கிவிட்டுக் கொஞ்ச தூரம் போனதும் பின்னாலிருந்து வெள்ளை மணலைத் தூவின. பாக்கியம் நிமிர்ந்து ரோஸ்-மேயைப் பார்த்தாள். ரோஸ்-மே கரைப்பக்கம் கையைக் காட்டினாள். வெள்ளைவெளேரென்று நீண்டு கிடந்தது கடற்கரை.

"இதுவா?"

"அதேதான். நாம பாய் விரிச்சுப் படுக்கிறோமே, அதுல பாதி காத்தோ போட்டது."

பாக்கியம் சிரிக்க ஆரம்பித்தாள். சிரித்த சிரிப்பில் நிலைதடுமாறித் தண்ணீரில் உட்கார்ந்தாள், உட்கார்ந்தபடியே சிரித்தாள். அப்போதுதான் கவனித்தாள், கடல் ஏறியிருந்தது. நெஞ்சளவு தண்ணீரில் அவள் உட்கார்ந்திருந்தாள். பயம் எங்கே போயிற்றென்று தெரியவில்லை.

திங்கட்கிழமை அவள் பாடம் நடத்தவில்லை, கடலைக் கொண்டுவந்தாள். பெஞ்சுகளை நகர்த்திப் பாறையாக்கினாள். தெனியை வரப்புச் சண்டைக்காரனாக்கினாள். அது அவனுக்கு இயல்பாகவே வந்தது. ஆறு பிள்ளைகள் நவரை மீனாய்த் தரையைத் துழாவின. ஜிசெல் குட்டி மருத்துவ மீன். ஒவ்வொரு வாயாய்த் திறக்கச் சொல்லிப் பல்லைப் பார்த்தாள். மிச்சமுள்ளவர்கள் காத்தோ. அவர்கள் என்ன செய்தார்கள் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. வகுப்பு முழுக்கச் சிரித்துத் தரையில் உருண்டது.

அது காவடி விரத காலம். பாக்கியம் மீன் தொடாமல் இருந்தாள். மதியம் சாப்பாட்டு வேளையில் யாரோ, மிஸ் மீன் சாப்பிடுவீங்களா என்று கேட்க, இப்போது இல்லை என்றாள். பிள்ளைகள் அதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டார்கள். அடுத்த நாள் மூன்று வீடுகளில் குழந்தைகள் மீன் குழம்பைத் தள்ளிவிட்டன. தாய்மார்கள் பள்ளிக்கூட வாசலுக்கு வந்துவிட்டார்கள். முருகனுக்கும் தனக்கும் உள்ள ஒப்பந்தம் அது, மீனுக்கும் தனக்கும் உள்ளதல்ல என்று அவள் விளக்கி அனுப்ப வேண்டியதாயிற்று.

எல்லாம் நன்றாகவே நடந்தது என்று சொல்ல முடியாது. பிள்ளைகள் உயிருள்ள மீனைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கட்டும் என்று சீனர் கடையில் காலி மிட்டாய் ஜாடி ஒன்று வாங்கி, கடல் தண்ணீர் நிரப்பி, ஃப்ரான்சிஸ் கொடுத்த ஒரு சின்ன மீனை விட்டு, மூடியை இறுக்கி மேசைமேல் வைத்தாள். மதியத்துக்குள் அது மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடியது. சாயங்காலம் மிதந்தது. ஜிசெல் தேம்பித் தேம்பி அழுதாள். தண்ணீர் இருந்ததே, பிறகு ஏன் செத்தது என்று கேட்டாள். அது நியாயமான கேள்வி.

சனிக்கிழமை கியூர்பிப்புக்குப் போனவள் அம்மாவை ஐந்து நிமிஷம் பார்த்துவிட்டு நூலகத்தில் போய் உட்கார்ந்துவிட்டாள். படம் போட்ட பெரிய பிரெஞ்சுப் புத்தகம் ஒன்றை எடுத்துக் கொடுத்தார்கள். வெளியே மழை கொட்ட, அவள் மீனின் மூச்சைப் படித்தாள்.

திங்கட்கிழமை காலையில் ஒரு கண்ணாடித் தம்ளரில் தண்ணீர் ஊற்றி ஜன்னலில் வெயிலில் வைத்தாள். யாரும் தொடக்கூடாது, பார்க்க மட்டும்தான் என்றாள். வெயில் ஏற ஏறத் தம்ளரின் உட்புறத்தில் ஊசிமுனை அளவில் குமிழிகள் ஒட்டிக்கொண்டன. பிள்ளைகள் மூக்கை ஒட்டிவைத்துப் பார்த்தன. தண்ணீருக்குள் காற்று ஒளிந்திருக்கிறது, அதைத்தான் மீன் எடுத்துக்கொள்கிறது என்றாள். அப்புறம் ஃப்ரான்சிஸ் கொடுத்தனுப்பிய பெரிய மீன் தலையை எடுத்து செவுள் மூடியைத் தூக்கிக் காட்டினாள். உள்ளே சிவப்புச் சீப்பு அடுக்கடுக்காய் இருந்தது. வாயால் வாங்குகிற தண்ணீர் இந்தச் சீப்பு வழியாகப் போகும். சீப்பு காற்றை மட்டும் வாரிக்கொள்ளும். மிச்சத் தண்ணீர் வெளியே போய்விடும். ஜாடிக்குள் இருந்த கொஞ்சக் காற்று தீர்ந்துபோனதும் அந்த மீனுக்கு மூச்சு முட்டிவிட்டது. மூடி போட்டது என் தப்பு என்று சொன்னாள்.

ஜிசெல் கை தூக்கினாள்.

"அப்போ படகுல கிடக்கிறப்போ வாயைத் திறந்து திறந்து மூடுதே? அங்க காத்து நிறைய இருக்கே மிஸ்."

"இருக்கு. ஆனா சீப்பு நனைஞ்சு விரிஞ்சிருந்தாத்தான் வாரும். காஞ்சா ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும். உன் தலைமுடி எண்ணெய் இல்லாம சிக்காயிடுமே, அது மாதிரி."

ஜிசெல் தன் சுருட்டைத் தலையைத் தடவிப் பார்த்துக்கொண்டாள். வீட்டுக்குப் போய் அம்மாவுக்குப் பாடம் எடுத்தாள். ரோஸ்-மே அடுத்த ஞாயிற்றுக்கிழமை பாக்கியத்திடம், இத்தனை வருஷம் மீன் தலையை அறுத்திருக்கிறேன், அந்தச் சிவப்பு எதற்கென்று ஒரு நாளும் கேட்டதில்லை என்றாள். அப்போதெல்லாம் பாக்கியம் ஞாயிறு தவறாமல் கடலுக்குப் போய்க்கொண்டிருந்தாள். இருவரும் பெட்டியை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு பார்ப்பார்கள். ஒருத்திக்கு இடம் தெரியும், ஒருத்திக்குக் காரணம் தெரியும். இரண்டு பேருக்கும் தெரியாதது நிறைய இருந்தது. அதுதான் பேச்சுக்கு நன்றாயிருந்தது.

தலைமையாசிரியர் மொரிஸ் கழுத்துப்பட்டை அவிழ்க்காத மனிதர். நல்லவர்தான், சத்தம் மட்டும் ஆகாது. சின்ன வகுப்பிலிருந்து வரும் இரைச்சலைக் கேட்டு ஒரு முறை எட்டிப் பார்த்தவர், பெஞ்சுக்கடியில் பிள்ளைகள் நீந்திக்கொண்டிருப்பதைக் கண்டு கதவைச் சாத்திவிட்டுப் போனார். பிறகு கூப்பிட்டனுப்பி, கல்வி இலாகா இன்ஸ்பெக்டர் வரப்போகிறார், அன்றைக்காவது பிள்ளைகள் உட்கார்ந்திருக்கட்டும் என்று கேட்டுக்கொண்டார்.

இன்ஸ்பெக்டர் வந்த அன்று பிள்ளைகள் கை கட்டி உட்கார்ந்திருந்தார்கள். அவர் வெள்ளை உடுப்பில் வந்த பெரிய மனிதர். கடலோரப் பிள்ளைகளாயிற்றே என்று இலேசான கேள்வியாகப் பார்த்துக் கேட்டார். இவ்வளவு அழகான மணல் உங்கள் ஊருக்கு எங்கிருந்து வந்தது?

தெனி எழுந்து நின்றான். பாக்கியம் கண்ணை மூடிக்கொண்டாள்.

"காத்தோ மீனோட பின்பக்கத்திலேர்ந்து, ஐயா."

மொரிஸின் முகம் வெளுத்துப்போயிற்று. இன்ஸ்பெக்டர், என்ன சொன்னாய் என்று மறுபடி கேட்டார். தெனி இன்னும் தெளிவாகச் சொன்னான். அவருக்குப் புரியவில்லையோ என்று நினைத்த காத்தோ கூட்டம் எழுந்து, பாறையைக் கடிப்பதிலிருந்து மணல் தூவுவது வரைக்கும் செய்தும் காட்டியது. பிறகு இன்ஸ்பெக்டர் கைக்குட்டையை எடுத்து வாயில் வைத்துக்கொண்டார். அவர் தோள் குலுங்கியது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, இது நிஜமா என்று பாக்கியத்திடம் கேட்டார்.

"நான் பார்த்திருக்கேன் ஐயா. பிள்ளைங்கதான் இன்னும் பார்க்கலை. கூட்டிப் போக அனுமதி இல்லை."

இன்ஸ்பெக்டர் மொரிஸைப் பார்த்தார். மொரிஸ் கழுத்துப்பட்டையைத் தளர்த்தினார். அந்தப் பள்ளிக்கூடத்தில் யாரும் காணாத காட்சி அது.

அந்த மாதமே போனார்கள். பிள்ளைகளைத் தண்ணீரில் இறக்க ஊரில் தயக்கம் இருந்தது. கடல் எடுத்துக்கொண்ட உயிர்கள் எல்லா வீட்டிலும் உண்டு. ரோஸ்-மே தன்னோடு ஊரித் பிடிக்கும் பெண்களைக் கூட்டி வந்தாள். அவர்கள் தண்ணீரில் வட்டமாகக் கைகோத்து நின்றார்கள், ஆள்வேலி. வேலிக்குள்ளே முழங்காலளவு தண்ணீரில் பிள்ளைகள். ஃப்ரான்சிஸ் படகுடன் வெளிப்புறம் காவல். ஊரிலிருந்த கண்ணாடிப் பெட்டிகள் எல்லாம் வந்துவிட்டன. ஒவ்வொரு பெட்டியிலும் மூன்று தலை.

முதலில் கூச்சல். அப்புறம் அப்படியொரு அமைதி வந்தது. பாக்கியம் தன் வாழ்நாளில் எந்த வகுப்பிலும் அந்த அமைதியைக் கேட்டதில்லை. ஜிசெல் நிமிர்ந்தபோது அவள் முகத்தில் பெட்டியின் சட்டம் அழுந்திய கோடு.

"யாருமே காத்துக்கிட்டு இல்ல மிஸ். எல்லாருக்கும் வேலை இருக்கு," என்றாள்.

மொரிஸ் காலணியும் காலுறையுமாகக் கரையில் நின்றிருந்தார். கொஞ்ச நேரத்தில் காலணியைக் கழற்றினார். காலுறையை மடித்து அதற்குள் வைத்தார். கால்சட்டையை முழங்கால்வரை சுருட்டிக்கொண்டு இறங்கி வந்து, ஒரு பெட்டியில் இடம் கேட்டார். தெனி நகர்ந்துகொடுத்தான். மணி அடிக்க வேண்டிய நேரம் தாண்டிவிட்டது என்று யாரும் அவருக்குச் சொல்லவில்லை.

இப்படியே இரண்டு வருஷம் ஓட, கியூர்பிப்பில் அம்மா கவலைப்பட ஆரம்பித்தாள். பெண் கறுத்துவிட்டது, கை கால் முழுக்கப் பவளம் கீறிய தழும்பு, பேச்செடுத்தால் மீன். மாயெபூர் தபாலாபீஸில் வேலை பார்க்கும் விநாயகம் என்ற பையனின் ஜாதகம் வந்தபோது சட்டென்று சரி சொல்லிவிட்டாள். பெண் பார்க்க அவர்கள் சித்தி வீட்டுக்கே வருவதாக ஏற்பாடு. நாள் ஞாயிற்றுக்கிழமை. அதுதான் கோளாறு. கடல் வற்றும் நேரம் அன்று காலையில் தாமதமாக வந்தது. பாக்கியம் கொஞ்சம் பார்த்துவிட்டு வந்துவிடலாம் என்று போனவள், மாப்பிள்ளை வீட்டார் கூடத்தில் உட்கார்ந்த பிறகு பின்வாசல் வழியாக ஈரத்தலையோடு வந்து சேர்ந்தாள். பட்டுப் புடவையைச் சுற்றிவிட்டாலும் கடல் வாசனையை என்ன செய்வது. மாப்பிள்ளையின் அம்மா மூக்கைச் சுளித்தாள். பெண் பாடுமா என்று கேட்டாள். பாடும், தேவாரம் பாடும் என்றாள் பாக்கியத்தின் அம்மா அவசரமாக.

விநாயகம், தான் ஒன்று கேட்கலாமா என்றான்.

"மீன் தூங்குமா?"

பாக்கியம் நிமிர்ந்தாள். தூங்கும், இமை இல்லாததால் கண்ணைத் திறந்தபடியே தூங்கும் என்று ஆரம்பித்தாள். காத்தோ மீன் பொழுது சாய்ந்ததும் பாறையிடுக்கில் ஒதுங்கி, வாயிலிருந்து சவ்வு போல ஒன்றைவிட்டுத் தன்னைச் சுற்றிக் கொசுவலை கட்டிக்கொள்ளும், பந்தம் பிடித்து மீன் பிடிக்கப் போனபோது ஃப்ரான்சிஸ் பார்த்திருக்கிறார் என்றாள். ஃப்ரான்சிஸ் யார் என்று மாப்பிள்ளையின் அம்மா கேட்டது அவள் காதில் விழவில்லை. தேநீர் ஆறியது. அவள் அம்மா புடவைத் தலைப்பை முறுக்கிக்கொண்டிருந்தாள். தேவாரம் யாருக்கும் நினைவில்லை. விநாயகம் மட்டும் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டிருந்தான்.

வீட்டுக்குப் போகிற வழியிலேயே அவன் தன் தாயிடம், இந்தப் பெண்தான் என்று சொல்லிவிட்டானாம்.

கல்யாணத்துக்கு நாள் குறித்திருந்த வருஷம், 1960 பிப்ரவரி கடைசியில், கரோல் என்ற புயல் வந்தது. தீவையே புரட்டிப் போட்டது. கரும்பு சாய்ந்தது, வீடுகள் பறந்தன. சித்தியின் வீட்டில் கூரைத் தகரம் பாதி போயிற்று. பாக்கியமும் சித்தியும் சமையலறை மேசைக்கடியில் கிடந்தார்கள். சாலை திறந்ததும் அவள் கிராமத்துக்கு நடந்தே போனாள். ஃப்ரான்சிஸின் வீடு இருந்த இடத்தில் தரை மட்டும் இருந்தது. எல்லாரும் உயிரோடிருந்தார்கள். ரோஸ்-மே அவளைக் கட்டிக்கொண்டாள்.

பள்ளிக்கூடத்துக்குக் கூரை இல்லை. மாதா கோயில் ஓரத்தில் தார்ப்பாய் கட்டிப் பிள்ளைகளை உட்கார வைத்தார்கள். அது வேறு சின்ன வகுப்பு. ஆனாலும் ஜிசெலும் தெனியும் மற்றவர்களும் வந்து ஓரமாக உட்கார்ந்துகொண்டார்கள். பாதிப் பேருக்கு மாற்றுத் துணி இல்லை. பாக்கியத்துக்கு எங்கே ஆரம்பிப்பதென்று தெரியவில்லை. பிள்ளைகள்தான் ஆரம்பித்தன. அந்த வரப்புச் சண்டைக்காரன் என்ன ஆனான்? காத்தோ எல்லாம் எங்கே போயிற்று?

"அதுங்களுக்குக் கூரையே கிடையாதே. எது பறக்கும்?" என்றான் தெனி. சிலர் சிரித்தார்கள். ஆனாலும் கேள்வி நின்றது.

கலங்கல் தெளிய நாளாயிற்று. தெளிந்ததும் இரு பெண்களும் கடன் வாங்கிய பெட்டியோடு இறங்கினார்கள். பழக்கமான பவளக் கொத்துகள் உடைந்து குவியல் குவியலாய்க் கிடந்தன. மஞ்சள் கொத்து இருந்த இடத்தில் வெறும் பாறை. சண்டைக்காரனைக் காணவில்லை. ரோஸ்-மே பெட்டியிலிருந்து முகத்தை எடுக்காமல் வெகுநேரம் நடந்தாள். தன் வீடு போனதற்கு அழாதவள் அப்போது மூக்கை உறிஞ்சினாள். பிறகு அவள் நின்றாள். பாக்கியத்தின் தலையைப் பிடித்துப் பெட்டிக்குள் அழுத்தினாள். க்ரக், க்ரக்.

உடைந்த குவியலின்மேல் காத்தோக் கூட்டம் குனிந்த தலை நிமிராமல் கடித்துக்கொண்டிருந்தது.

அன்று தார்ப்பாயின்கீழ் பாக்கியம் தான் கண்டதைக் கண்டபடி சொன்னாள். சண்டைக்காரனைப் பார்க்கவில்லை என்பதையும் மறைக்கவில்லை. பெருங்காற்று வந்தால் மீன்கள் வரம்பின் ஆழமான பக்கத்துக்கு இறங்கிக்கொள்ளும், அவற்றில் திரும்பி வந்தவை வேலையைத் தொடங்கிவிட்டன என்றாள். பிள்ளைகள் கேட்டுக்கொண்டிருந்தன. பக்கத்தில் அப்பாமார்கள் தகரத்தை நிமிர்த்தி ஆணி அடிக்கிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

கல்யாணம் இரண்டு மாதம் தள்ளிப்போய் மாயெபூர்க் கோயிலில் நடந்தது. கிராமமே லாரி பிடித்து வந்தது. கடன் வாங்கிய தொப்பி, யாரோ கொடுத்த உடுப்பு, ஆனால் எல்லாருக்கும் தலை வாரியிருந்தது. ஃப்ரான்சிஸ் கல்யாணப் பரிசு கொண்டு வந்திருந்தார், புதிதாய் முடைந்த கூடை நிறைய மீன், ஈரச் சாக்கு போட்டு மூடி. கோயில் வாசலில் நின்று அதை நீட்டினார். சித்திக்கு மயக்கமே வந்துவிட்டது. வாங்காமல் இருக்கவும் முடியாது, உள்ளே கொண்டுபோகவும் முடியாது. மாப்பிள்ளையின் அம்மாதான் முன்னால் வந்தாள். கூடையை இரண்டு கையாலும் வாங்கி, பக்கத்துத் தெருவில் இருந்த தன் வீட்டுக்குத் தானே எடுத்துப்போய் வைத்துவிட்டு வந்து, நாளைக்கு மருமகளுக்கு நான் சமைக்கிறேன், நீங்கள் எல்லாரும் சாப்பிட வரவேண்டும் என்று ஃப்ரான்சிஸிடம் சொன்னாள். வந்தார்கள். அந்தத் தெருவில் அத்தனை பேர் சேர்ந்து சாப்பிட்டது அதற்கு முன்னால் இல்லை.

பாக்கியம் அந்தப் பள்ளிக்கூடத்திலேயே இருந்தாள். கியூர்பிப்புக்கு மாற்றல் தருகிறோம் என்று இரண்டு முறை கேட்டார்கள். அங்கே மழை அதிகம் என்று சொல்லிவிட்டாள். வருஷா வருஷம் ஒரு வகுப்பு கடலுக்குள் போய் வந்தது. தெனி மீன்காரனானான், ஜிசெல் மருத்துவமனையில் தாதி வேலைக்குப் படித்தாள். எல்லாரும் என்னென்னவோ ஆனார்கள்.

1968 மார்ச்சில் நாடு சுதந்திரம் பெற்றது. கொடி ஏறிய மறுநாளும் அவள் வீட்டில் யாருக்கும் வேலைக்குப் போக மனமில்லை. விநாயகம் சோறும் கறியும் கட்டிக்கொண்டு, ஐந்து வயது மகள் சின்னம்மாவையும் கூட்டிக்கொண்டு கடற்கரைக்கு வந்தான். கரையெங்கும் ஜனம், பாட்டு, ரவானா மேளம். ரோஸ்-மேயும் ஃப்ரான்சிஸும் மரத்தடியில் பாய் விரித்திருந்தார்கள்.

சின்னம்மா யாரையும் எதையும் கேட்கவில்லை. சட்டையைக் கழற்றி எறிந்துவிட்டு நேராக ஓடித் தண்ணீரில் விழுந்தாள். பாக்கியம் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு பின்னாலேயே போனாள். சாப்பிட வா, சாப்பிட வா என்று விநாயகம் கரையிலிருந்து கூப்பிட்டுக்கொண்டே இருந்தான். மகளும் வரவில்லை, தாயும் வரவில்லை. கடைசியில் ரோஸ்-மே சட்டியைத் திறந்து, ஆறிப்போகுமுன் நாம் சாப்பிடுவோம் என்று அவனுக்கும் ஒரு தட்டு வைத்தாள்.